தென்னைக் கூன்வண்டும் அதன் மரபணு ஏடும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், எங்கள் விளையில் தேங்காய் பறிக்க வந்த அண்ணாச்சி ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். ஏறவில்லை. தடியின் மீது காதை வைத்துச் சற்று நேரம் கேட்டார். பிறகு என்னை அழைத்து, "மக்களே, இங்க வந்து காதை வையி" என்றார். வைத்தேன். உள்ளே யாரோ காய்ந்த தேங்காய்ச் சில்லைக் கடித்து மெல்வது போன்ற ஓர் ஓசை. விட்டு விட்டு வந்தது. "கேக்குதா? உள்ள குடும்பமே குடியிருக்கு. இது போச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அண்ணாந்து பார்த்தேன். மண்டை பச்சையாகவே இருந்தது. குலைகள் தொங்கின. உள்மட்டைகளில் ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளித்திருந்தன. தடியில், என் தோள் உயரத்தில், விரல் நுழையுமளவு ஒரு துளை. அதிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. துளையின் வாயில் மென்று துப்பிய நார். இத்தனையும் பல நாள்களாக என் கண்முன்தான் இருந்திருக்கின்றன. விலங்கியல் படிக்கும் மாணவனாகிய நான் அவற்றைப் பார்க்கவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அண்ணாச்சி காதாலேயே கண்டுவிட்டார்! அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மரத்தினுள் இருந்தது சிவப்புக் கூன்வண்டின் புழு. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாள வழக்கை ஒட்டிச் 'செல்லி' என்ற பெயரும் உண்டு. கொம்பன் செல்லி, செம்பன் செல்லி என்று இரண்டு வகை. கொம்பன் என்பது காண்டாமிருக வண்டு. கருத்த உடலும் தலையில் ஒரு கொம்பும் உடையது. செம்பன் என்பதே நம் கதாநாயகன். துரு ஏறிய இரும்பின் நிறம், ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கும் சற்று மேலான நீளம், முன்னால் வளைந்து நீண்ட மூக்கு. ஆண் வண்டாயின் அம்மூக்கின் மேல் மயிர்க்கற்றை ஒன்று இருக்கும், பெண்ணுக்கு இராது.

இவ்விரு வண்டுகளுக்கும் உள்ள உறவு விந்தையானது. கொம்பன் குருத்தைக் குடைந்து உண்டுவிட்டுப் போய்விடும். அது செய்த புண்ணின் வாடையை நுகர்ந்து செம்பன் வரும். வெட்டுக்காயம், ஏறுவதற்குக் கொத்திய படி, பச்சை மட்டையை வெட்டிய இடம், குருத்தழுகல், இலையழுகல் என எந்தப் புண்ணாயினும் அதற்குப் போதும். பெண் வண்டு அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். சில நாள்களில் புழுக்கள் பொரித்து மென்மையான திசுவைத் தின்றுகொண்டே உள்ளே போகும். காலில்லாத வெள்ளைப் புழு, தலை மட்டும் கடினமான பழுப்பு. ஓரிரு மாதங்கள் தின்று கொழுத்தபின் தென்னை நாரையே சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உறங்கும். முட்டையிலிருந்து வண்டாவதற்கு மூன்று நான்கு மாதங்கள். வெளிவரும் வண்டு அதே மரத்திலேயே மீண்டும் முட்டையிடவும் கூடும். ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்து முடிக்கும்வரை மரம் வெளியே பச்சையாகவே நிற்கும். பிறகு ஒருநாள் காற்றில் மண்டை ஒடிந்து விழும்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். விழுந்த மரங்களை நாம் எண்ணினோம். விழாமல் மட்டை முறிந்து, குருத்து திருகி, புண்பட்டு நின்ற மரங்களை எண்ணினோமா? அகற்றப்படாமல் மட்கும் தடியில்தான் கொம்பன் முட்டையிடுகிறது. புண்பட்ட மரத்தில்தான் செம்பன் முட்டையிடுகிறது. புயல் ஒருநாளில் முடிந்துவிடும். வண்டுக்கு அதுவே தொடக்கம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தென்னை வேர்வாடல் நோய் வேறு. அதனை உண்டாக்குவது பைட்டோபிளாஸ்மா என்னும் மிக நுண்ணிய உயிரி. பரப்புவது வண்டன்று, கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். ஆனால் வாடல் கண்ட மரத்தில் இலையழுகலும் சேர்ந்துகொள்ள, அவ்வாடைக்குக் கூன்வண்டு வந்து சேருகிறது. நோய் மரத்தை மெலிய வைக்கிறது, வண்டு கொன்றுவிடுகிறது. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் இதன் உடன்பிறப்பினமோ நோயையே தோளில் சுமந்து திரிகிறது. தென்னையின் செவ்வளைய நோய்க்குக் காரணமான நூற்புழுவை மரத்துக்கு மரம் கொண்டு சேர்ப்பது அக்கருநிறக் கூன்வண்டுதான். அந்நோய் நம் நாட்டில் இல்லை. இல்லாதிருக்க வேண்டும் என்பதற்காகவே துறைமுகங்களில் தாவரத் தடுப்புக் காவல் இருக்கிறது.

இனி, இந்த வண்டின் வெளிநாட்டுப் பயணத்தைப் பார்ப்போம். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பிறந்து தென்னையையும் பனையையும் தின்று வாழ்ந்த இவ்வண்டு 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோப்புகளில் தோன்றியது. 1990களில் எகிப்தையும் ஸ்பெயினையும் அடைந்தது. பறந்து போனதன்று. மனிதர்கள் விலைக்கு வாங்கி ஏற்றிச்சென்ற பேரீச்சங் கன்றுகளிலும் அழகு மரங்களிலும் உள்ளே உட்கார்ந்து போனது! நம் மாவட்டத்து இளைஞர்கள் எத்தனையோ பேர் வளைகுடாவுக்குச் சென்று பிழைக்கிறார்கள்; அவர்களுள் பலர் பேரீச்சந் தோப்புகளில் நம் ஊர்ச் செல்லியைக் கண்டு திகைத்திருக்கக்கூடும்.

அந்த நாடுகளுக்குப் பேரீச்சை வெறும் பயிரன்று. எனவே அங்குள்ள அறிவியலார் இவ்வண்டை அடியோடு ஆராயத் தொடங்கினர். ஐக்கிய அரபு நாட்டில் அல் அய்ன் நகரத்துப் பல்கலைக்கழகக் குழுவொன்று 2020ஆம் ஆண்டில் கூன்வண்டின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டது.

மரபணுத் தொகுதியைப் படிப்பது என்றால் என்ன? கலைப்பிரிவு நண்பர்களுக்காக ஓர் உவமை சொல்கிறேன். ஓர் உயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அதில் நான்கே எழுத்துகள். அந்நான்கும் மாறி மாறி வரும் வரிசையில்தான் மூக்கு எப்படி வளைய வேண்டும், எந்த நொதி எப்போது சுரக்க வேண்டும் என்பன எழுதப்பட்டுள்ளன. இவ்வளவு நீண்ட இழையைத் தலை முதல் கடைவரை ஒரே மூச்சில் படிக்கும் கருவிகள் அப்போது இல்லை. துண்டு துண்டாகப் படித்து, ஒரு துண்டின் முடிவும் மற்றதன் தொடக்கமும் ஒத்துப்போகும் இடம் கண்டு ஒட்டவேண்டும். ஏடு உதிர்ந்து, நூல் அறுந்து, வரிசை குலைந்த ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்த உ. வே. சாமிநாதையரை எண்ணிப் பாருங்கள். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றுவதற்கு முன் அவர் பட்ட பாடுதான் இதுவும். ஏடு எழுதப் பனையோலை. இங்கே ஏட்டுக்குரியவனோ பனையைத் தின்பவன்!

வண்டினத்தில் முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்டது, நம் வீட்டு மாவுப் பாத்திரங்களில் ஊரும் சிவப்பு மாவு வண்டு. அது 2008ஆம் ஆண்டில். 2013இல் கனடா நாட்டு அறிவியலார் மலைப் பைன் வண்டைப் படித்தனர். மரத்தை நீலமாக்கும் பூஞ்சையைப் பட்டைக்குள் கொண்டுசென்று பைன் காடுகளை அழிப்பது அது. அவற்றை அடுத்து நம் கூன்வண்டும் வரிசையில் சேர்ந்தது.

அல் அய்ன் குழுவினர் கண்டவற்றுள் இரண்டு என்னை மிகவும் கவர்ந்தன.

முதலாவது, இரவல் வாங்கிய கருவி. தாவர உயிரணுவின் சுவர் எளிதில் செரிக்காதது. அச்சுவரின் சர்க்கரைப் பிணைப்புகளை உடைக்கும் நொதிகளுள் ஒரு குடும்பம் இவ்வண்டிடம் உண்டு. அந்த மரபணுக்கள் தாய் தந்தையர் வழியாக வண்டினத்துக்குள் வந்தனவாகத் தோன்றவில்லை. ஏதோ ஓர் அயல் உயிரிடமிருந்து முன்னோர் காலத்தில் குறுக்கே புகுந்தனவாகத் தோன்றுகின்றன என்று அவர்கள் முடிவு செய்தனர். அண்ணாச்சி காட்டிய அந்த மெல்லும் ஓசைக்குப் பின்னால் இப்படியொரு கடன் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது, நஞ்சை வெல்லும் ஆற்றல். உள்ளே வரும் நச்சைச் சிதைக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்கள் சில இரட்டித்துக் காணப்பட்டன. தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள நஞ்சைச் சுரக்கின்றன. அவற்றை உண்டு வாழும் பூச்சி அந்நஞ்சைச் சிதைக்கக் கற்றுக்கொள்கிறது. நாம் கடையில் வாங்கும் மருந்தும் அதற்கு இன்னொரு நஞ்சுதான். இரட்டித்தவற்றுள் ஒன்றின் பெயர் ஆர்.டி.எல். நரம்பின் துடிப்பை அமைதிப்படுத்தும் ஒரு வாயிலை உண்டாக்கும் மரபணு அது. டைல்ட்ரின் என்னும் பழைய பூச்சிக்கொல்லி அவ்வாயிலை அடைத்து, பூச்சியை வலிப்பு வந்து சாகச் செய்யும். வாயிலின் அமைப்பு சிறிது மாறிவிட்டால் மருந்து பலிக்காது. டைல்ட்ரினை எதிர்த்து நின்ற பழ ஈக்களில் முதலில் காணப்பட்டதால் மரபணுவுக்கே அந்தப் பெயர்.

எண்டோசல்பானும் இதே வாயிலை அடைக்கும் நஞ்சுதான். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் மேல் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தெளிக்கப்பட்டு, அம்மக்களின் பிள்ளைகள் பட்ட துன்பத்துக்குப் பின், 2011இல் உச்சநீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டது அது. தென்னை ஆய்வுக்கென்று 1916ஆம் ஆண்டிலேயே நிலையம் தொடங்கப்பட்ட ஊரும் அதே காசர்கோடு என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. பூச்சியோ தன் வாயிலை மாற்றிக்கொள்ள வல்லது. குழந்தைக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் ஆய்வு அத்துடன் முடியவில்லை. 2021ஆம் ஆண்டில் வேறொரு குழு இதே வண்டின் மரபணுத் தொகுதியை வேறொரு முறையில், ஒரே ஒரு வண்டை எடுத்துக்கொண்டு படித்தது. முதற்குழுவின் ஏட்டில் ஏறத்தாழ 78 கோடி எழுத்துகள் இருந்தன. இரண்டாம் குழுவின் ஏடு 60 கோடியை ஒட்டியே நின்றுவிட்டது. ஏன் இந்த வேறுபாடு?

மீண்டும் ஓலைச்சுவடிக்கே வருகிறேன். ஒவ்வோர் உயிருக்கும் தாய்வழி ஏடு ஒன்று, தந்தைவழி ஏடு ஒன்று என இரண்டு படிகள் உண்டு. இரண்டும் ஒரே நூல்தான். பாடபேதம் மட்டும் ஆங்காங்கே இருக்கும். பதிப்பாசிரியர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரே பாட்டு என அறியவேண்டும். பாடபேதம் மிகுந்த இடத்தில் சற்று ஏமாந்தால், ஒரே பாட்டை இரண்டு பாட்டாக எண்ணி அடுத்தடுத்து அச்சிட்டுவிடக் கூடும். முதல் ஏட்டில் அத்தகைய பொய்யிரட்டைகள் கலந்திருக்கின்றன என்று இரண்டாம் குழுவினர் எடுத்துக்காட்டினர். தாய் தந்தை இரு படிகளையும் தனித்தனியே பிரித்து எழுதிய அவர்கள், வண்டின் மரபணுக்களை 23,413 என்று கணக்கிட்டனர்.

அப்படியானால் நஞ்சை வெல்லும் மரபணுக்கள் இரட்டித்தன என்ற செய்தி பொய்யா? முழுதும் பொய் என்று சொல்வதற்கில்லை. கூன்வண்டுக்கு நச்சைச் சிதைக்கும் நொதிகள் ஏராளம் என்பது வேறு ஆய்வுகளாலும் தெரிந்ததே. ஆனால் எவை மெய்யான இரட்டை, எவை பதிப்புப் பிழை என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அச்சில் வந்துவிட்டதாலேயே ஒன்றை மனப்பாடம் செய்துவிடும் நமக்கு, மறு ஆண்டே வெளிப்படையாகத் திருத்தப்பட்ட இச்செய்தி பாடப்புத்தகத்தைவிடச் சுவையாக இருந்தது என்பேன். விரிவுரையாளர் பெருமக்கள் பொறுத்தருள்க.

மருந்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, எங்கள் மரத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அண்ணாச்சி போன பிறகும் அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. என் தங்கை பிறந்த ஆண்டில் நட்ட மரம் அது. என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அந்த வரிசைத் தென்னைகளிலிருந்துதான் வந்தன. கடைக்காரர் ஒருவர் சொன்னபடி வேரைச் சீவி மருந்துப் பை கட்டினோம். துளைகளில் ஊற்றிக் களிமண்ணால் அடைத்தோம். மூன்றாம் வாரம் மண்டை சாய்ந்தது. வெட்டிப் பிளந்தபோது உள்ளே சோறு வைத்த பானையைப் போலப் புழுக்கள் நெளிந்தன. நார்க் கூடுகள் எத்தனையோ. சிலவற்றில் வண்டு இல்லை, முன்பே வெளியேறிவிட்டது. அதாவது நான் காது வைத்துக் கேட்ட நாளுக்குப் பல நாள் முன்னரே அவை பக்கத்து மரங்களைத் தேடிப் போய்விட்டன. மருந்தை வண்டு வென்றதா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இல்லை. நாங்கள் தாமதித்தோம், அவ்வளவே. தின்னப்பட்ட தடியில் மருந்து ஏறுவதற்கு வழி ஏது?

எனவேதான், வண்டு மரத்துக்குள் நுழைந்தபின் என்ன செய்வது என்பதைவிட, நுழையுமுன் அது எப்படி மரத்தைத் தேடிவருகிறது என்னும் கேள்வியே பெரிதென்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை அதன் உணர்கொம்புகளில் இருக்கிறது.

ஆண் கூன்வண்டு தகுந்த மரம் கண்டதும் ஒரு மணப்பொருளைக் காற்றில் விடும். ஆணும் பெண்ணும் அம்மணத்தை நாடி வந்து கூடும். 1993ஆம் ஆண்டில் அப்பொருள் இன்னதென்று கண்டறியப்பட்டு, ஃபெருஜினியால் என்று பெயரிடப்பட்டது. துரு நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயரிலிருந்து வந்த பெயர் அது. எளிய வேதிப்பொருள்தான், ஆய்வுக்கூடத்தில் செய்யலாம். அதைச் சிறு உறையில் அடைத்துத்தான் இனக்கவர்ச்சிப் பொறி என விற்கிறார்கள்.

இம்மணத்தை வண்டு எவ்வாறு உணர்கிறது என்பதில் ரியாத் நகரத்து அறிவியலார் ஈடுபட்டனர். மணம் உணரும் ஏற்பிகள் எல்லாவற்றுக்கும் துணையாக நிற்கும் ஒரு மரபணு உண்டு. அதனை அடக்கிவிட்டால் வண்டுகள் கவர்ச்சிப் பொருளை முன்போல் நாடுவதில்லை என்று 2016இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். பின்னர் 2021இல் அம்மணத்துக்கென்றே உள்ள ஏற்பி எது என்பதையும் கண்டுபிடித்தனர். அடக்குவது என்றால் மரபணுவை அழிப்பதன்று. அது அனுப்பும் ஓலையை வழியிலேயே கிழித்துவிடுவது போன்றது. ஊசி போட்ட வண்டுகளில் நடந்த சோதனை இது. தோப்பில் திரியும் வண்டுக்கு யார் ஊசி போடுவது? எனினும் பூட்டின் அமைப்பு தெரிந்துவிட்டால் அதற்கு ஏற்ற சாவியைத் தேடலாம். ஃபெருஜினியாலைவிட வலிய கவர்ச்சிப் பொருளையோ, மணத்தையே மறைத்துவிடும் பொருளையோ ஏற்பியின் மீது சோதித்துப் பார்க்கலாம். ஆயிரம் பொருள்களைத் தோப்பில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டிய வேலை குறையும். மரபணு ஏட்டினால் விவசாயிக்கு முதலில் வரக்கூடிய பயன் இவ்வழியாகவே வரும் என்பது என் எண்ணம்.

ஏடு படித்ததால் இன்னொரு பயனும் விளைந்தது. 2010ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கூன்வண்டு புகுந்ததென்று கலக்கம் ஏற்பட்டது. அதன் டி.என்.ஏ. வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது நம் வண்டன்று, தென்கிழக்காசியத் தீவுகளின் பக்கத்து வேறோர் இனம் என்று 2013இல் தெளிவாயிற்று. வந்தவன் யார் என்று தெரியாமல் எந்தக் கப்பலில் வந்தான் என்று தேடமுடியுமா? நிறத்தை மட்டும் நம்பி இனம் பிரிப்பது இவ்வண்டுகளிடம் செல்லாது. செம்பனிலேயே கரும்புள்ளி மிகுந்ததும் உண்டு, புள்ளியே இல்லாததும் உண்டு.

எங்கள் விளையில் இப்போது ஒரு பொறி வைத்திருக்கிறோம். ஒரு ஹெக்டேருக்கு ஒரு பொறி என்பதே அறிவுரை. எங்களுக்கோ 40 சென்ட் நிலந்தான். ஆகவே அக்கம்பக்கத்து விளைக்காரர் நால்வரிடம் பேசிப் பொதுவாக ஒன்று வைத்தோம். பேசி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று! ஏனெனில் பொறிக்கு வரும் வண்டுகள் எல்லாம் பொறிக்குள் விழுவதில்லை. சில அருகிலுள்ள இளந்தென்னையில் இறங்கிவிடக்கூடும். தன் மரத்தருகே வைக்க யாரும் இசையவில்லை. கடைசியில் கன்றுகள் இல்லாத மூலையில், ஒரு பூவரச மரத்தில் வாளியைக் கட்டினோம். பக்கத்தில் நான்கு துளை, ஏறிவரப் பிடிமானமாக வெளியே சுற்றிய சாக்கு, மூடியின் உட்புறம் கவர்ச்சி உறை, அடியில் தண்ணீரும் நசுக்கிப் புளிக்கவிட்ட பாளையங்கோட்டன் பழமும். தண்ணீரை வாரந்தோறும் மாற்றவேண்டும். அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மாற்றுவது என் பொறுப்பு.

பச்சை மட்டையை இப்போது அப்பா தடியை ஒட்டி வெட்டவிடுவதில்லை. ஒரு பாக முழத்துக்கு மேல், ஏறத்தாழ நான்கடி விட்டுத்தான் வெட்டுகிறார்கள். வெட்டுவாயில் முட்டை இட்டாலும் புழு தடியை அடையுமுன் மட்டை காய்ந்துவிடும். மட்டை இடுக்குகளில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து போடுகிறோம், அது கொம்பனுக்கு. கொம்பன் புண் செய்யாவிட்டால் செம்பனுக்கு வாசல் குறைவு. இவை எவற்றுக்கும் மரபணு ஏடு தேவைப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் இவை ஏன் பலிக்கின்றன என்பதை அந்த ஏடு எனக்குச் சொல்லிற்று.

மாதம் ஒருமுறை அண்ணாச்சி வரும்போது நானும் கூடவே நடந்து, மரந்தோறும் தடியில் காது வைக்கிறேன். காற்றில் ஓலை உரசும் ஓசையையும் புழு மெல்லும் ஓசையையும் பிரித்தறிய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வாளியில் 7 வண்டுகள் கிடந்தன. மூக்கில் மயிர்க்கற்றை உள்ளவை இரண்டு. மற்ற ஐந்தும் பெண்.